பிரேக்கர் பிடித்த கைகள்



எங்கள் அத்தா 17 ஆண்டுகள் சவூதியில் கட்டட இடிப்பு வேலையில் இருந்தவர். கான்கிரீட் உடைக்கும் பிரேக்கரைப் பிடித்து நின்ற அவருடைய உள்ளங்கைகளில் காய்ப்பு ஏறியிருந்ததை நாங்கள் சிறுவயது முதலே அறிவோம். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் காய்ப்பைவிட ஆழமான ஒன்று அக்கைகளில் தங்கிவிட்டது தெரிந்தது. தஸ்பீஹ் மணிகள் விரல்களுக்குத் தட்டுப்படவில்லை. முஸ்ஹஃபின் மெல்லிய தாள்களைத் தனித்தனியே பிரிக்க இயலவில்லை. சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிட வேண்டியதாயிற்று. மார்கழியில் ஸுபுஹுத் தொழுகைக்காகப் பள்ளிவாசல் ஹவுளில் உளூச் செய்தால், கலிமா விரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் நுனியிலிருந்து சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். பின்னர் நீலம் பாயும். அதன் பின் சிவந்து, எரிச்சலோடு இரத்தம் திரும்பும்.

சர்க்கரை என்றார் ஒருவர். கழுத்தெலும்புத் தேய்மானம் என்றார் மற்றொருவர். வாதம் என்று தைலம் கொடுத்தவரும் உண்டு. இறுதியில் இளம் மருத்துவர் ஒருவர் மட்டுமே, "நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டார். நோயாளியிடம் அவருடைய தொழிலைக் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ராமஸினி 1700ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அக்கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது.

அதிர்வுக் கருவிகளால் கைகளுக்கு வரும் இந்நோய் மருத்துவ உலகுக்குப் புதியதன்று. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்ட் என்னும் ஊரில், காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கியவர்களை மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் குளிர்காலத்தில் சென்று பரிசோதித்தார். அவருடைய அறிக்கை 1918இல் வெளிவந்தது. உளியைப் பற்றியிருந்த இடக்கை விரல்களே மிகுதியாகச் செத்து வெளுத்ததை அவர் கண்டார். பிரிட்டன் 1985இல் இதனை இழப்பீட்டுக்குரிய தொழில் நோயாக ஏற்றது. பின்னாளில் அந்நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் இதற்காக இழப்பீடு பெற்றனர்.

பிரேக்கர், டிரில்லிங் மெஷின், கிரைண்டர் ஆகியவற்றின் இடைவிடாத அதிர்வு, விரல்களின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்பு நுனிகளையும் பழுதாக்குகிறது. பழுதுற்ற குழாய்கள் குளிர் பட்டவுடன் அளவுக்கு மீறிச் சுருங்கிக்கொள்கின்றன. இரத்தம் நின்று விரல் வெளுக்கிறது. நரம்பு கெடும்போது மரத்துப்போதலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் வருகின்றன. பிடியின் வலுவும் குறைகிறது. வெளுப்பு, வேலையை விட்டால் சிலருக்குக் காலப்போக்கில் குறையலாம். நரம்பின் பழுது முற்றிவிட்டால் பெரும்பாலும் மீள்வதில்லை. ஆகவே தொடக்கத்திலேயே கண்டறிவதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. இந்நோயின் அடையாளங்கள் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. விரல் வெளுப்பதை முக்கிய அடையாளமாக அவை சொல்கின்றன. வளைகுடாவின் வெயிலில் நிற்பவனுக்கு விரல் எங்கே வெளுக்கும்? வெப்ப நாடுகளில் வெளுப்பு அரிது. மரத்துப்போதலே முன்னே வருகிறது. அதனை அவன் களைப்பு என்று எண்ணிக் கையை உதறிவிட்டு மீண்டும் கருவியைப் பிடிக்கிறான். வெளுப்பைக் காணும்போது ஆண்டுகள் பல கழிந்திருக்கும்.

எவ்வளவு நேரம் பிடித்தால் ஆபத்து என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சுத்தியல் போல் இடிக்கும் கருவியை ஒரு நாளில் ஏறத்தாழ 15 நிமிடத்துக்கு மேல் ஒருவர் வழக்கமாகப் பயன்படுத்தினாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், ஒரு மணி நேரத்தைக் கடந்தால் ஆபத்து மிகுதி என்றும் பிரிட்டனின் பாதுகாப்புத் துறை வழிகாட்டுகிறது. எங்கள் அத்தா நாளுக்கு ஆறு மணி நேரம் பிடித்தார். அது போக ஓவர்டைம்.

கையுறை போட்டால் போதும் என்று பலர் நினைக்கின்றனர். கையுறை கையைக் கதகதப்பாக வைக்கும். பிரேக்கரின் அதிர்வைத் தடுக்கும் என்று அதனை நம்ப முடியாது. மழுங்கிய உளியை மாற்றுவதும், கருவியைப் பழுதுபார்த்து வைப்பதும், ஒரே ஆளிடம் விடாமல் முறை மாற்றிக் கொடுப்பதும், இயன்ற இடத்தில் வண்டியில் பொருத்திய பிரேக்கரைக் கொண்டு உடைப்பதும்தான் பயன் தருவன. உளி மழுங்கினால் மனிதன் கூடுதலாக அழுத்துகிறான். அழுத்தினால் அதிர்வு கூடுதலாகக் கைக்குள் இறங்குகிறது. பீடி, சிகரெட்டும் இரத்தக் குழாயைச் சுருக்குபவையே.

உளூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிரமமான நிலையிலும் உளூவை நிறைவாகச் செய்வதன் சிறப்பைக் கூறும் நபிமொழியை எடுத்துக்காட்டி, குளிர்ந்த நீரையே தாங்கிக்கொள்ளுமாறு சிலர் அத்தாவுக்கு அறிவுரை கூறினர். வேறு வழியில்லாதபோது சிரமத்தைப் பொறுப்பது வேறு. வெந்நீர் இருக்கும்போது நோயை வளர்ப்பது வேறு என்பதே எங்கள் கருத்து. தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையான அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்கள், உயிருக்கு அஞ்சித் தயம்மும் செய்து தொழவைத்தார்கள். அதற்கான காரணத்தைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், எதுவும் கூறவில்லை. இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. வெந்நீரும் கிடைக்காமல், தண்ணீர் தீங்கு செய்யும் என்று மருத்துவர் கூறும் நிலையில் என்ன செய்வது என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். எங்கள் ஜமாஅத்தார் சென்ற ஆண்டு ஹவுளுக்குப் பக்கத்தில் ஒரு வெந்நீர்க் குழாய் வைத்தனர். அத்தாவுக்காக வைக்கப்பட்ட குழாயில் இப்போது பெரியவர்கள் வரிசையில் நிற்கின்றனர். அவர்களில் எத்தனை பேர் கருவி பிடித்தவர்கள் என்று யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

நம் சமுதாயத்தில் பிரேக்கர் பிடிப்பவர்களும் உண்டு. அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர்களும் உண்டு. தம் பொறுப்பில் இருப்பவர்கள் மீது இயலாததைச் சுமத்தக் கூடாது, சுமத்தினால் கூடநின்று உதவ வேண்டும் என்ற கருத்தில் அபூதர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பயான்களில் நாங்கள் பலமுறை கேட்டதுதான். கூலி குறித்த காலத்தில் கொடுக்கப்பட்டதா என்று பார்க்கும் நல்ல முதலாளிகள்கூட, ஒருவன் கையில் கருவி எத்தனை மணி நேரம் இருந்தது என்று பார்ப்பதில்லை.

எங்கள் அக்கா மகனுக்கு 24 வயது. துபாயில், மின்குழாய் பதிப்பதற்காகச் சுவரில் காடி வெட்டும் வேலை. சென்ற மாதம் தொலைபேசியில் அத்தா அவனிடம் கேட்டார்:

"தம்பி, ராத்திரி கை மரத்து முழிப்பு வருதா?"

"ஆமா நன்னா. உதறுனா சரியாயிடுது."

"எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சிச்சு."

வயர் இழுக்கும் வேலைக்கு மாறினால் ஓவர்டைம் கிடைக்காது. தங்கையின் குமர் காரியம் ஷவ்வாலில் வைத்திருக்கிறது என்றான். அவனுக்குக் குறையும் தொகையை உடன்பிறந்த நாங்கள் நால்வரும் மாதந்தோறும் பகிர்ந்துகொள்வது என்று அன்றிரவே முடிவு செய்தோம். அவன் மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்கி ஃபோர்மேனிடம் கொடுத்துவிட்டான். பதில் இன்னும் வரவில்லை. துஆச் செய்யுங்கள்.