அப்பா படித்த பொம்மைகள்

சின்ன வயதில் "எழும்பூர் மியூசியம் போகலாம்பா" என்று நான் கேட்டால், பாட்டி உடனே "செத்த காலேஜுக்கா?" என்பார். காரணம் பின்னாளில்தான் தெரிந்தது. 1851-ல் அந்த மியூசியம் நுங்கம்பாக்கத்தில் ஒரு காலேஜ் கட்டடத்தில்தான் தொடங்கியிருக்கிறது. எழும்பூருக்கு வந்தது 1854-ல். பொறுப்பிலிருந்த எட்வர்ட் பால்ஃபர், கூட்டம் சேர்க்க உயிருள்ள மிருகங்களையும் அங்கே வைத்தார். அது தனியாகப் பிரிந்து சென்ட்ரல் பக்கம் போய் 'உயிர் காலேஜ்' ஆனது. அதுதான் 1985-ல் எங்கள் பக்கத்து வண்டலூரில் பெரிய பூங்காவாகத் திறக்கப்பட்டது.

உலகத்தில் குழந்தைகளுக்கென்றே முதல் மியூசியம் அமெரிக்காவின் புரூக்ளினில் 1899-ல் வந்ததாம். எழும்பூர் வளாகத்திலும் பிற்பாடு குழந்தைகளுக்குத் தனிக் கட்டடம் வந்தது.

அப்பா பம்மலில் தோல் தொழிற்சாலை வேலை. லீவு நாளில் பல்லாவரத்தில் ரயிலேறி என்னை அங்கே கூட்டிப்போவார். விதவிதமாக உடுத்திய பொம்மைகள் முன்னால் நின்று, "கண்ணாடி எடுத்துட்டு வரல கண்ணு, நீ படி" என்பார். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். "அப்புறம்?" என்று கேட்பார். ஒன்றைக்கூட விடமாட்டார்.

பத்தாவது படிக்கும்போது, பேங்க் ஃபாரத்தில் அவர் கைநாட்டு வைத்ததைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது. அப்பாவிடம் கண்ணாடியே கிடையாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவையும் என் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். ரயிலில் மகனுக்குக் கதை சொன்னேன். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரத்தில்தான் கற்காலக் கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அவர் சேர்த்துவைத்த கற்கருவிகளைப் பின்னாளில் எழும்பூர் மியூசியம் வாங்கிக்கொண்டது என்று.

அப்பா சிரித்தார். "நம்ம ஊர்லேர்ந்து கல்லு போச்சு, அங்கேர்ந்து புலி வந்துச்சு. கொடுக்கல் வாங்கல் சரியாத்தான் இருக்கு!"

குழந்தைகள் மியூசியத்தில் பையன் டைனோசரிடம் ஓடிவிட்டான். திரும்பி வந்து பார்த்தால், தாத்தா பொம்மைகள் பக்கம் நிற்கிறார்.

"நான் படிக்கட்டுமா தாத்தா?"

"இரு, நான் சொல்றேன். சரியான்னு பாரு" என்றவர், ஒவ்வொரு பொம்மையாகக் காட்டி ஊர் பெயர் சொல்ல ஆரம்பித்தார். பையன் எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினான். இரண்டு தப்பு, மற்றதெல்லாம் சரி.

"தாத்தா கண்ணாடி இல்லாமலே படிக்கிறாரும்மா!" என்றான்.

"ஆமாம்டா" என்றேன். அதற்கு மேல் பேச வரவில்லை.