கோபித்துக்கொண்டு கடலுக்குப் போனவள்

பொத்தேரி,
மாசி மகத்துக்கு மறுநாள்.

அன்புள்ள சேகர்,

கலிம்னோஸ் தீவிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்தது. கடற்பஞ்சு எடுக்க மூழ்கி மூழ்கிக் கைகால் விழுந்துபோனவர்களின் நடுக்கத்தையே அந்தத் தீவுக்காரர்கள் 'மிகானிகோஸ்' என்ற ஆட்டமாக்கிவிட்டார்கள், முன்னால் ஆடுகிறவன் கோலூன்றித் தள்ளாடுவான் என்று எழுதியிருந்தாய். "நம்ம பக்கம் கடலோடு இப்படி உறவு வைத்திருப்பவர்கள் யார்?" என்று வேறு கேட்டிருந்தாய். மீனவர்களைச் சொல்வேன் என்று நினைத்திருப்பாய். நான் பார்த்துவிட்டு வந்தது காட்டு ஜனங்களான இருளர்களை.

முந்தாநாள் சாயங்காலம் இங்கே செங்கல்பட்டு ரயில் பிடித்து, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினேன். பக்கத்தில் ஒரு இருளர் குடும்பம். அண்டா, அரிசி மூட்டை, வேப்பிலைக் கட்டு, சுருட்டிய பழம்புடவைகள். புடவை எதற்கு என்பது கடற்கரையில்தான் புரிந்தது. நாலு கழி நட்டுப் புடவையைச் சுற்றினால் வீடு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை அப்படி வீடுகள், வாசல்தோறும் அடுப்பு, மேலே பௌர்ணமி நிலா.

மாசி மகத்துக்கு ஏன் கடலுக்கு வருகிறார்கள் என்று அந்தக் குடும்பத்துப் பாட்டியிடம் கேட்டேன். "கன்னிமா கோச்சிக்கினு கடலுக்குப் போயிட்டாப்பா. நாங்க வந்து கூப்ட்டாத்தான் வூட்டுக்கு வருவா" என்றாள். கன்னிமா அவர்கள் தெய்வம்; பக்கத்துத் தெருவுக்குப் போன மகளைச் சொல்வதுபோல இருந்தது. அப்புறம் யாரோ ஒருவர்மேல் சாமி இறங்கியது. சுற்றி நின்றவர்கள் பயப்படவில்லை. இன்னும் என்ன கோபம், பிள்ளைக்கு ஏன் காய்ச்சல் என்று உரிமையோடு சண்டை பிடித்தார்கள்.

விடியலில் ஈர மணலைக் கூட்டி ஏழு படி கட்டினார்கள். மேலே பூ, வெற்றிலை, தேங்காய், சூடம். கன்னிமார் ஏழு பேருக்கு அவ்வளவுதான் கோயில். அதன் முன்னாலேயே ஒரு பையன் தாலி கட்டினான். நாலடி தள்ளி ஒரு குழந்தைக்கு மொட்டை. இன்னொரு பக்கம் பெண் கேட்டுப் பேச்சு.

தாலி கட்டியவனின் மாமா பாம்பு பிடிக்கிறவர். ஒரு காலத்தில் தோலுக்காகப் பிடித்தார்கள். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது, பிறகு தோல் ஏற்றுமதியும் நின்றது, பிழைப்பு போயிற்று. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபின் அதே கை விஷம் எடுக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் மண்பானையில் வைத்திருந்து, சில வாரங்களில் விஷத்தை எடுத்துக்கொண்டு காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். கடிக்கு மருந்து அதிலிருந்துதான். 2023இல் இவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. "மாசியில பொறந்தா மாசின்னு பேரு வைப்போம்" என்று சிரித்தார் மாமா.

ஆனால் சங்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் செங்கல் சூளை, அரிசி ஆலை, தோப்புக் காவல் என்று வட மாவட்டங்களில் சிதறிக் கிடக்கிறார்கள். முன்பணம் வாங்கிச் சூளையில் மாட்டிக்கொண்ட குடும்பங்களின் கதை உனக்கும் தெரியும். இவர்களுக்குப் பெண் எடுக்க, பிள்ளையைக் காட்ட, பங்காளிச் சண்டை தீர்க்க ஒரு ஊர் வேண்டுமே. அந்த ஊர் வருஷத்தில் ஒரு ராத்திரி இந்த மணலில் முளைக்கிறது.

வெயில் ஏறியதும் புடவைகளை உதறி மடித்தார்கள். படிகளை அலை கொண்டுபோயிற்று. கல்யாணப் படங்களை அனுப்ப விலாசம் கேட்டேன். பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சூளை எங்க கூப்புடுதோ அங்க இருப்போம். அடுத்த மாசிக்கு இங்க எடுத்தாந்து குடு."

படங்களைக் கழுவி வாங்கி மேஜைமேல் வைத்திருக்கிறேன். அடுத்த மாசிக்கு நீ ஊரில் இருந்தால் சேர்ந்து போவோம்.

அன்புடன்,
உன் நண்பன்