அம்மாவின் தசமபாகக் கவர்

அம்மாவுக்கு விதவை உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் வருகிறது. பணம் கைக்கு வந்த அன்றே 120 ரூபாயை எடுத்துச் சபைக் கவரில் வைத்துவிடுவார். நூறு நாள் வேலைக் கூலி வந்தால் அதிலும் பத்தில் ஒன்று. குழுக்கடன் தவணை வாங்க ஆள் வாசலில் வந்து நின்றாலும் அந்தக் கவரில் கை வைக்கமாட்டார். கர்த்தருக்குக் கொடுத்தால் கடன் தீரும் என்பது அவர் நம்பிக்கை. எனக்கு நினைவு தெரிந்து கடன் தீர்ந்ததில்லை.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் உபாகமம் 14ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். மூன்றாம் வருடத் தசமபாகத்தை அந்தந்த ஊரிலேயே வைக்க வேண்டும். நிலமில்லாத லேவியனும், அந்நியனும், தகப்பனில்லாப் பிள்ளையும், விதவையும் வந்து வயிறாரச் சாப்பிட வேண்டும். இதுதான் அங்கே உள்ள கட்டளை.

"ம்மா, இதுல நீ குடுக்கிற ஆளு இல்ல. வாங்கிச் சாப்பிட வேண்டிய ஆளு."

அம்மா புத்தகத்தை மூடினார். "அந்தச் சபையில நான் போனா பிளாஸ்டிக் சேர் போட்டு உக்கார வெக்கிறாங்க. எந்தத் தெருன்னு எவனும் கேக்கல. நீ வேலையப் பாரு."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சமூகவியல் படித்ததும் உதவவில்லை. அம்மா பிறந்த ஊரில் பரம்பரையாகப் போன கோயிலில் எங்கள் சனத்துக்குத் தனிப் பக்கம், தனிக் கல்லறை. தாத்தா செத்தபோது பொதுக் கல்லறையில் புதைக்கக் கேட்டதற்கு, "சமாதானமா போங்க, ஊரைக் கெடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். செழிப்பின் உபதேசத்தை நம்மில் பலர் கேலி செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் நம் அம்மாக்களை அங்கே துரத்தியது யார் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அந்தச் சபையில் சகேயு பிரசங்கம் கேட்டேன். இயேசு வீட்டுக்கு வந்தால் வீடு ஆசீர்வதிக்கப்படும் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். சகேயு தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றதும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றதும் பிரசங்கத்தில் வரவேயில்லை. இயேசு அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று சொன்னது அதற்குப் பிறகுதான்.

சமாதானம் என்று நாம் மொழிபெயர்க்கும் எபிரேயச் சொல் ஷாலோம். திருடியவன் ஈடுகட்ட வேண்டும் என்று யாத்திராகமம் 22 சொல்கிறதே, அந்த ஈடுகட்டுதலுக்கான சொல்லும் அதே வேரிலிருந்து வருவது. எங்கள் தாத்தாவுக்குச் சொல்லப்பட்ட சமாதானத்தில் ஈடும் இல்லை, ஒன்றும் இல்லை. வாயை மூடு என்பதற்கு மரியாதையான வார்த்தை, அவ்வளவுதான்.

லேவியராகமம் 25 இன்னும் வெளிப்படை. 50ஆம் வருடம் கைமாறிய நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். இது நடக்காத கனவு என்பார்கள். செங்கல்பட்டுக்காரர்களுக்கு இது வெறும் வேதபாடம் இல்லை. இங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான் 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளும் நிலம் கேட்டு எழுதினார்கள். இரட்சிப்பைப் பேசிய அதே வாயால் அவர்கள் பட்டா கேட்டார்கள். அந்த நிலத்தைப் பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போனது. காரணை நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். ஒருவர் பெயர் கிறிஸ்தவப் பெயர், இன்னொன்று இந்துப் பெயர். குண்டுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

அரசாங்கத்துக்கு மட்டும் தெரிகிறது. 1950 ஆணையில் இந்துக்களை மட்டும் பட்டியல் சாதி என்றார்கள். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்றும் வெளியேதான். என் சான்றிதழில் நான் பிற்படுத்தப்பட்டவள். தாட்கோ கடனுக்குப் போனால் இடமில்லை. பிறகு குழுக்கடன்தான் கதி. அதன் வட்டியைக் கட்ட ஜெபம்.

போன ஞாயிறு அம்மா கிளம்பும்போது, "அது எத்தனாவது அதிகாரம்னு சொன்ன?" என்று கேட்டார். 14 என்றேன். பாஸ்டரிடம் கேட்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கவரையும் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்ததும் கேட்டேன். கூட்டமாக இருந்ததாம், அடுத்த வாரம் கேட்கிறேன் என்றார்.