புகைபோக்கிக்கு முன்னால் களத்தைப் பார்

கண்ணு, குட்டி ரயிலுக்கு 1:87 அளவில் தண்டவாளம் போட்டுவிட்டாய். ஓரத்தில் நிறுத்த ஓர் ஆலை வேண்டும் என்கிறாய். கடையில் வரும் வெளிநாட்டு அட்டை ஆலையை வாங்கி ஒட்டிப் பழகு, தப்பில்லை. ஆனால் அது வேறொரு சீமையின் மழைக்கும் குளிருக்கும் கட்டியது. நம் ஊருக்கு வேண்டியது நம் ரோட்டோரத்திலேயே நிற்கிறது.

சேலத்திலிருந்து ஆத்தூர் ரோட்டில் போய் ஒரு பழைய சேகோ ஆலையை, அதாவது ஜவ்வரிசி ஆலையைப் பார். எல்லோர் கண்ணும் முதலில் புகைபோக்கிக்குத்தான் போகும். நீ தரையைப் பார். குச்சிக்கிழங்கைக் கழுவி, தோலுரித்து, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிடுவார்கள். அடியில் தங்கும் மாவைக் குருணையாக உருட்டி, சூடான தட்டில் வறுத்து, வெயிலில் காயப் போடுவார்கள். அதற்குத்தான் அவ்வளவு பெரிய சிமெண்டுக் களம். வெயிலும் அங்கே ஓர் இயந்திரம். களத்தில் நிழல் விழுந்தால் வேலை கெட்டுப்போகும். புகைபோக்கியும் கொட்டகையும் மட்டும் செய்து களத்தை விட்டுவிட்டால், அது ஜவ்வரிசி ஆலையே ஆகாது.

மேசையில் இடம் போதாது என்பாய். 30 மீட்டர் களம் உன் அளவில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் கேட்கும். அப்போது கொட்டகையைக் குறை. பத்துத் தூண் இருக்கும் இடத்தில் நாலு வை. கதவை மட்டும் சுருக்காதே. ஏழடிக் கதவு உனக்கு இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஆள் நுழையும் வாசல் சரியாக இருந்தால்தான் மேலே உள்ள சுவர் உயரமாகத் தெரியும்.

நூற்பாலை செய்வதானால் ரம்பப் பல் கூரையைக் கவனி. அதன் கண்ணாடிப் பக்கம் வடக்கே பார்க்கும். நேர் வெயில் அதிகம் விழாமல், நூல் இழை தெரிகிற அளவு சீரான வெளிச்சம் வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள். அதனால் பசையை எடுப்பதற்கு முன்பே உன் மேசைக்கு எது வடக்கு என்று முடிவு செய்துகொள்.

எதையும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதே. திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர். சுந்தரம் 1935-இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடம். ஏற்காடு ரோட்டில் இன்று அதன் முகப்பு வளைவுதான் மிச்சம். வளைவை அச்சு மாறாமல் செய்துவிடலாம். அதற்குப் பின்னால் இருந்த படப்பிடிப்புத் தளங்களை அளக்க இனி யாராலும் முடியாது. எனக்கு அது பெரிய வருத்தம்.

நிற்கிறவற்றை இப்போதே அளந்து வை. அனுமதி கேட்டு உள்ளே போ. டேப் எட்டாத உயரத்துக்குச் செங்கல் வரிசையை எண்ணு. கீழே பத்து வரிசையை அளந்துவிட்டால் மிச்சம் கணக்குத்தான். அங்கே வேலை பார்த்த பெரியவர் யாராவது கிடைத்தால், எந்த ஜன்னலை எதற்காக அடைத்தார்கள் என்று கேள். அதை அடைத்தபடியே செய். பின்னால் வைத்த செங்கல்லின் நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், அதையும் பார்த்துத் தீட்டு.