வானம் தோண்டும் ஊர்

பூமியைத் தோண்டுவதற்கு ‘வானம் தோண்டுவது’ என்று பெயர் வைத்திருக்கும் ஜனங்களைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்க ஆசையிருந்தால் விருதுநகர் மாவட்டத்துக்கு ஒரு நடை புறப்படுங்கள். பரந்து கிடக்கும் மானாவாரிச் சீமையில் குமாரலிங்கபுரம் என்று ஓர் ஊர். கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் மண். நடுநடுவே பனை மரங்கள். சும்மா கிடந்த இடத்தையெல்லாம் வளைத்துக் கொண்ட சீமைக் கருவேலம். ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் கண்மாயில் தண்ணீர். வராவிட்டால் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு.

இப்போது இந்த ஊரின் பெயர் டில்லி வரை எட்டியிருக்கிறது. 2023 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த ஏழு பெரிய ஜவுளிப் பூங்காக்களில் ஒன்றுக்கு இ. குமாரலிங்கபுரத்தில்தான் இடம் குறித்தார்கள். 1,052 ஏக்கர்! அந்தப் பெரிய கட்டடங்கள் வரும்போது வரட்டும். இன்று உங்களை நான் அழைத்துப் போவது, ஒரு சாதாரணக் குடும்பம் கட்டிக் கொண்டிருக்கிற இரண்டு அறை வீட்டுக்கு.

ஏன் என்று கேட்கிறீர்களா? வீடு கட்டுகிறவர் நகையை அடகு வைத்து, மைத்துனரிடம் கைமாற்று வாங்கி, ஆயுட்காலச் சேமிப்பையெல்லாம் கொண்டு வந்து கொட்டுகிறார். கொத்தனார் வந்து, “லிண்டில் மட்டம் வந்தாச்சு, அண்ணாச்சி. இனிமே சென்ட்ரிங்குக்குப் பணம் வேணும்” என்கிறார். வீட்டுக்காரர் அர்த்தம் புரியாமல் தலையை ஆட்டுகிறார். அந்தத் தலையாட்டல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. சில சமயம் சில ஆயிரம் ரூபாய். சில சமயம் வீட்டுச் சுவரே விலை. வேலைக்காரர்களின் பாஷை கொஞ்சம் தெரிந்தால் போதும். பாதி மேற்பார்வை முடிந்த மாதிரி. ஏனென்றால் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் வேலை எப்படி நடக்க வேண்டும் என்கிற சூட்சுமம் ஒளிந்திருக்கிறது.

கரிசலின் குணம்

முதலில் வானம். அஸ்திவாரத்துக்காக வெட்டும் பள்ளம்தான் அது. அதற்குள் கல்லும் சாந்துமாகக் கட்டி எழுப்புவது கடைக்கால். எவ்வளவு ஆழம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி, கைத்தடியை விட்டால் உள்ளே போய்விடும்படி பாளம் பாளமாக வெடிக்கும். வருஷம் தவறாமல் மேலும் கீழும் மூச்சு விடுகிற மண்ணின் மேல் சுவரை நிறுத்தினால், சுவரும் கூடவே மூச்சு விட்டு விரிசல் காணும். ஆகவே வெடிப்பு எட்டாத கெட்டித் தரை வரும் வரை தோண்ட வேண்டும். இந்த மண்ணுக்கென்றே ரூர்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு முறையை வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆழமாகத் துளை போட்டு, அடியில் குடத்தின் வயிறு போல அகலப்படுத்திக் கான்கிரீட்டை நிரப்புவது. ‘அண்டர் ரீம்டு பைல்’ என்று என்ஜினீயர் சொன்னால் அது இதுதான்; பயப்படாதீர்கள்.

கடைக்கால் தரைக்கு மேலே வந்ததும் ‘பேஸ்மட்டம்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘பேஸ்மெண்ட்’ என்றால் தரைக்குக் கீழே உள்ள நிலவறை. நம் கொத்தனார்கள் அதைத் தரைக்கு மேலே தூக்கி, ‘மட்டம்’ என்ற தமிழையும் வாலில் ஒட்டி, வீட்டுத் தரை நிற்கும் பீடமாக்கி விட்டார்கள்! வெளிநாட்டிலிருந்து வரும் மருமகனிடம் “பேஸ்மட்டம் மூணு அடி” என்றால், அவர் பூமிக்கடியில் அறையைத் தேடுவார். பேஸ்மட்டத்தின் மேல் நான்கு பக்கமும் கம்பி வைத்துச் சுற்றி வரும் கான்கிரீட் பட்டைக்கு ‘பெல்ட்’ என்று பெயர். மனிதனுக்கு அரைஞாண் எப்படியோ, கரிசல் வீட்டுக்கு இது அப்படி. “பெல்ட் போட்டாச்சா?” என்று தயங்காமல் கேளுங்கள்.

நூலும் குண்டும்

சுவர் எழும்புகிறது. சுவர் வைப்பவர் கொத்தனார். கலவை கலந்து பளுத் தூக்குபவர் நிமிந்தாள். கல்லும் சாந்தும் எடுத்துக் கொடுப்பவர் சித்தாள். அவர்கள் ஏறி நிற்கிற மரக்கட்டுமானம் சாரம். ஒரு செங்கல்லின் நீளம் முழுவதும் குறுக்கே கிடந்தால் ஒன்பது அங்குலச் சுவர். அகலம் மட்டும் இருந்தால் நாலரை. பாரம் தாங்குவதற்கு ஒன்பது. அறையை மறைப்பதற்கு நாலரை.

அளவுகளிலும் தனி பாஷை உண்டு. நூறு சதுர அடி ஒரு ‘சதுரம்’. நூறு கன அடி மணலோ ஜல்லியோ ஒரு ‘யூனிட்’. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு ‘நூல்’. அருப்புக்கோட்டை நெசவுக்குப் பேர் போன ஊர். அங்கே நூல் துணியாகிறது. இங்கே நூல் அளவாகிறது. “ரெண்டு நூல் தள்ளியிருக்கு” என்று தச்சர் முணுமுணுத்தால், கதவு கால் அங்குலம் பொருந்தவில்லை என்று தெரிந்து கொள்ளுங்கள்.

சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கயிற்றில் தொங்கவிடுவது தூக்குக்குண்டு. படுக்கையாகச் சமமா என்று பார்ப்பது ரசமட்டம். ரசம் என்றால் பாதரசம். ஆனால் கண்ணாடிக் குழலுக்குள் இருப்பது சாராயம் போன்ற திரவமும் ஒரு குமிழியும்தான்! குமிழி நடுக்கோடுகளுக்குள் நின்றால் சரி. பூசிய சுவரைத் தேய்த்துச் சமன் செய்யும் மரக்கட்டைக்கு மணியாசுக்கட்டை. கதவு, ஜன்னலுக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்கும் கான்கிரீட் சட்டம் லிண்டில். அதிலிருந்து வெயிலையும் சாரலையும் தடுக்க வெளியே நீளும் பலகை சன்ஷேடு.

மாடியில் ஒரு வயல்

அந்த நாளில் இந்தப் பக்கத்துக் கூரைக்குப் பனை மரம்தான் கைகொடுத்தது. நடுவில் உத்திரம், சரிவில் கைமரம், குறுக்கே வரிச்சு, மேலே ஓலை அல்லது ஓடு. இப்போது கான்கிரீட் தளம். விருதுநகரை அடுத்த ராமசாமி ராஜா நகரில் 1960-களின் தொடக்கத்தில் சிமெண்ட் ஆலை ஏற்பட்டது. அப்புறம் சிமெண்ட் மூட்டை வீடு தேடி வர எவ்வளவு நாள் ஆகும்? தளம் போடுவதற்காகப் பலகையும் தகடும் பரப்பி, முட்டுக் கொடுத்து நிறுத்துகிற தற்காலிக ஏற்பாடுதான் சென்ட்ரிங். அதை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது.

தளம் போட்ட மறுநாள் மாடியில் ஏறிப் பாருங்கள். அங்கே ஒரு வயல் இருக்கும்! சாந்தால் சின்னச் சின்ன வரப்பு கட்டி, உள்ளே தண்ணீர் நிறுத்தியிருப்பார்கள். ‘பாத்தி கட்டுவது’ என்று அதற்குப் பெயர். மிளகாய்க்குப் பாத்தி கட்டியவர்கள் வைத்த பெயர்தானே! சிமெண்ட் வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது. வறண்ட, வெப்பமான இடங்களில் குறைந்தது பத்து நாளாவது கான்கிரீட்டை ஈரம் போகாமல் காக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய விதி சொல்கிறது. குடிதண்ணீருக்கே குடத்துடன் காத்திருக்கும் ஊரில், கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவது லேசான காரியமா? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் குடம் குடமாக மேலே ஏற்றுகிறார்கள். அலுப்பில் நாலாம் நாளே நிறுத்தி விட்டால், வாங்கிய சிமெண்டில் ஒரு பங்கு வீண். ஈரச் சாக்கு, வைக்கோல் போட்டு மூடினால் தண்ணீர் மிச்சம். இன்னொன்று: உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். வாயில் வைக்கச் சகிக்காத தண்ணீரைக் கான்கிரீட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

தச்சர் கேட்கும் வைரம்

வாசலில் நிலை வைக்கிறார்கள். மஞ்சள், குங்குமம், மாவிலை எல்லாம் உண்டு. நிலை என்பது கதவைத் தாங்கும் சட்டக்கூடு. இங்கே வேம்பும் பூவரசும் அதற்கு உதவும். “வைரம் பாஞ்ச கட்டையா?” என்று தச்சர் தட்டிப் பார்ப்பார். மரத்தின் நடுவிலுள்ள முற்றிய பகுதி வைரம். வெளிப்புற இளம் பகுதி வெள்ளை. கரையானுக்கு வெள்ளைதான் விருந்து. அந்தக் காலத்துக் கதவுகள் மேலும் கீழும் குடுமியில் சுழன்றன. இப்போது இரும்புக் கீல். உள்ளே தாழ்ப்பாள்; வெளியே கொண்டியை மாட்டும் வளையம் நாதாங்கி.

ஜன்னல், சாவி, அலமாரி மூன்றும் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொற்கள். ஏன், மேஸ்திரியே அவர்களுடைய ‘மெஸ்த்ரே’தான்! விருந்தாளியாக வந்த சொற்கள் வீட்டுக்காரர்களாகி விட்டன.

கண்மாயும் குழாயும்

குழாய் வேலைக்காரரை ‘பிளம்பர்’ என்கிறோம். லத்தீனில் ‘பிளம்பம்’ என்றால் ஈயம். பழைய ரோமாபுரியில் குழாய்கள் ஈயத்தால் ஆனவை. குழாய் திரும்பும் இடத்தில் போடுவது எல்போ, அதாவது முழங்கை. மூன்று வழி பிரிந்தால் டீ. பின்னால் கழற்ற வசதியாகச் சேர்ப்பது யூனியன். யூனியன் இல்லாத இடத்தில் பம்பு கெட்டால் குழாயையே அறுக்க வேண்டி வரும்.

கடையில் ‘பால் வால்வு’ என்று மட்டும் கேட்காதீர்கள். கைப்பிடியைக் கால் திருப்பு திருப்பினால் மூடுவதும் பால் வால்வு. தொட்டி நிறைந்ததும் மிதவை எழும்பித் தண்ணீரை நிறுத்துவதும் பால் வால்வு. எது வேண்டுமென்று விளக்கிச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் சீமைச் சரக்கு என்று மலைக்க வேண்டாம். கண்மாய்க் கரைக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீரைத் திறந்து மூட மடை. மிஞ்சிய வெள்ளம் கரையை உடைக்காமல் வழிந்து போகக் கலுங்கு. பாண்டிய நாட்டார் கல்லில் குமிழித் தூம்பு அமைத்துத் தண்ணீரை அளந்து விட்டவர்கள். வால்வு என்றால் வீட்டு மடை. தொட்டியில் வழிந்தோடும் குழாய் வீட்டுக் கலுங்கு. அவ்வளவுதான்!

கழிவுநீர்க் குழாயில் வளைந்து கிடக்கும் ‘டிராப்’பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று துர்நாற்றத்தைத் தடுக்கிறது. 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் லண்டனில் காப்புரிமை பெற்ற கழிப்பறையில் இந்த வளைவு இருந்தது. கோடையில் வீட்டைப் பூட்டி ஒரு மாதம் வெளியூர் போனால் அந்தத் தண்ணீர் வற்றி விடும்; நாற்றம் எட்டிப் பார்க்கும். திரும்பியதும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். ஆளை அழைத்துப் பணம் செலவழிக்க வேண்டாம்.

கடைசியாக வாட்டம். தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்குக் கொடுக்கும் சரிவு அது. குளியலறையில் பொதுவாக அடிக்கு இரண்டு நூல் போதும். தளத்துக்கு வாட்டம் இல்லாவிட்டால் வீட்டுக்காரிக்கு வாட்டம்! ஓடு பதித்த பின் புலம்பிப் பிரயோஜனம் இல்லை. பதிக்கும்போதே ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்து விடுங்கள்.

ஆகவே, வீடு கட்டப் போகும் நேயர்களே, ஐந்தே கேள்விகளை மனத்தில் முடிந்து கொள்ளுங்கள்: வானம் கெட்டித் தரையைத் தொட்டதா? பெல்ட் சுற்றி வந்ததா? கட்டையில் வைரம் எவ்வளவு? பாத்தியில் தண்ணீர் நிற்கிறதா? வாட்டம் எந்தப் பக்கம்? இந்த ஐந்தையும் அவர்கள் பாஷையிலேயே கேட்டுப் பாருங்கள். கொத்தனார் ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார். “அண்ணாச்சிக்கு வேலை தெரியும்டா” என்று நிமிந்தாளிடம் சொல்லிவிட்டு, தூக்குக்குண்டை இன்னொரு தடவை தொங்கவிட்டுப் பார்ப்பார்.