தாத்தா எங்கே பிறந்தார்?

எமது பாட்டனார் மறைந்து ஓராண்டு நிறைவெய்துகின்றது. அவரை நினைக்கும்போதெல்லாம் அவர் முகத்திற்கு முன்னதாக ஒரு கேள்வியே எம் நினைவில் எழுகின்றது.

மாலையில் நாம் பாடசாலை விட்டு வருவோம். அவர் லயத்து வாசற்படியில், பட்டணத்திலிருந்து வாங்கி வந்த பணிஸ் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். பேரப்பிள்ளைகள் ஐவரும் வந்து சூழ்ந்தபின், "உங்கள் தாத்தா எங்கே பிறந்தார்?" என்று கேட்பார். "இரத்தினபுரியில்!" என்போம். "இரத்தினபுரியில் எங்கே?" தோட்டத்தின் பெயர், மேட்டு லயம், மூன்றாம் காம்பரா என்று ஒன்று விடாமல் ஒப்புவித்த பிறகே பொட்டலம் அவிழும். பணிஸுக்காக ஆடும் விளையாட்டு என்றே நாம் அதை எண்ணியிருந்தோம்.

சப்ரகமுவத் தோட்டங்கள் நுவரெலியாத் தோட்டங்களைப் போன்றவை அல்ல. இங்கே தேயிலையோடு ரப்பரும் உண்டு. தோட்டத்தின் எல்லையிலேயே சிங்களக் கிராமம் தொடங்கிவிடும். சிங்களத்தில் 'தாத்தா' என்றால் தகப்பன். ஆகவே, "தாத்தா பணிஸ் வாங்கி வந்தார், அப்பா பால்வெட்டுக்குப் போனார்" என்று நாம் சொன்னால், கிராமத்துத் தோழர்கள், "உங்களுக்கு மட்டும் இரண்டு தகப்பன்மாரா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பாட்டனாரும் சேர்ந்து சிரிப்பார். அவர்களுக்கு அவர் 'சீயா'. பணிஸில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

அந்தக் கேள்வி விளையாட்டன்று என்பதை வளர்ந்த பின்னரே அறிந்தோம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, ஒருவர் இலங்கையிலே பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவருடைய தந்தையும் இங்கே பிறந்தவராயிருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். காட்டை அழித்துத் தோட்டமாக்கிய கூலிகளின் மக்கள், பூட்டன் பிறந்த இடத்திற்குச் சான்றுத் துண்டை எங்கே தேடுவர்? 1949 ஆம் ஆண்டில் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோருக்கான சட்டம் வந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. குடியுரிமை பெற்றவர்களோ சுமார் 1,34,000 பேர்தாம்.

நிராகரிக்கப்பட்டவர்களுள் எமது பூட்டனாரும் ஒருவர். ஆங்கிலத்தில் வந்த அக்கடிதத்தை வாசித்துப் பொருள் சொல்ல அந்த லயத்தில் இருந்தவர், தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு அப்பால் பட்டணத்துப் பாடசாலையிலும் சிறிது காலம் பயின்ற எமது பாட்டனார் ஒருவரே. அப்போது அவர் சிறுவன். "என் தகப்பனார் இந்த நாட்டவர் அல்லர் என்பதை அவருக்கு என் வாயால்தான் சொன்னேன்" என்று முதுமையிலும் சொல்வார். பிறருடைய காகிதங்களைத் தம் கையில் எடுக்கும் பணி அன்றுதான் தொடங்கியது போலும்.

முதலில் கணக்கப்பிள்ளையாகவும், தோட்டங்கள் அரசுடைமையான பின்னர்க் குடும்ப நல உத்தியோகத்தராகவும் கடமையாற்றி அவர் ஓய்வு பெற்றார். பிள்ளைக்காம்பராவில் பால்மா பங்கிடுவது, கர்ப்பிணிகளை மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பது முதலியன சம்பளத்துக்குரிய வேலைகள். பெரட்டு முடிந்த பின்னும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் செய்ததே அவருடைய சொந்த வேலை. பிறப்பைப் பதியாதவர்களுக்குப் பதிவு, பெயர் பிழைத்தவர்களுக்குத் திருத்தம், வராத சேமலாப நிதிக்கு மனு என்று எழுதிக்கொண்டேயிருப்பார். கூலியாக ஒரு வாய் வெற்றிலைக்கு மேல் ஏற்றதில்லை. ஒவ்வொரு காகிதத்துக்கும் மறுபிரதி எடுத்துத் தகரப் பெட்டியில் அடுக்கி வைப்பார்.

அவ்வாறு எழுதிய படிவங்களுள் ஒன்று மட்டும் அவரை இறுதிவரை வருத்திற்று. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. 1968 முதல் 1970 வரை விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. அவருடைய அக்காள் இரு பிள்ளைகளுடன் கைம்பெண்ணாயிருந்தவர். "எனக்கு ஒன்றும் தெரியாது தம்பி, நீ எது சொல்கிறாயோ அது" என்றார். இங்கே இடம் கிடைக்காது, நாள் கடந்தால் அங்கேயும் கதவு அடைபடும் என அஞ்சிய பாட்டனார், இந்தியாவுக்கென்று படிவத்தை நிரப்பினார். அக்காள் பெருவிரலை ஊன்றினார். 1972 இல் இரத்தினபுரியிலிருந்து சின்னக் கோச்சியில் ஏறிக் கொழும்புக்கும், அங்கிருந்து தலைமன்னாருக்கும் போய்க் கப்பலேறினார். நீலகிரியில் கூடலூரை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் மீண்டும் கொழுந்துக்கூடையைச் சுமந்தார். அதன்பின் அவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

1981 ஓகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது எங்கள் லயமும் எரிந்தது. குடும்பம் ரப்பர்க் காட்டில் இரவைக் கழித்தது. தகரப் பெட்டியோ அயல் கிராமத்துச் சிங்களத் தோழர் ஒருவரின் வீட்டுப் பரணில் பத்திரமாயிருந்தது. "சீயா, உங்கள் பிள்ளைகளைவிட இது பாரம்" என்று சொல்லி அவர் அதைத் தலையில் சுமந்து வந்து தந்தாராம்.

2003 ஒக்டோபரில் புதிய சட்டம் ஒன்று நிறைவேறிற்று. 1964 முதல் இங்கேயே வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் அது குடியுரிமை வழங்கியது. இந்தியாவுக்கென விண்ணப்பித்தும் போகாமல் தங்கியிருந்தவர்களுக்கும் அதில் இடம் இருந்தது. வானொலியில் அச்செய்தியைக் கேட்டு லயமே மகிழ்ந்தது. பாட்டனார் மட்டும் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அந்தப் படிவத்தை நான் எழுதாமல் விட்டிருந்தால் அக்காளும் இங்கேயே இருந்திருப்பாள்" என்றார். என்ன சொல்லித் தேற்றுவது என்று எமக்குத் தெரியவில்லை.

எம்முள் ஒவ்வொருவரும் பிறந்தபோது பதிவாளரிடம் முதலில் போய் நின்றவர் அவரே. பிறப்புச் சான்றிதழில் பாட்டனாருக்கெனவும் ஓர் இடம் உண்டு: பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். அதைப் பதிவாளர் எழுதி முடிக்கும் வரையில் அவர் உட்கார மாட்டாராம். தம் தகப்பனார் காட்ட இயலாதுபோன சான்றாகப் பேரப்பிள்ளைகளுக்குத் தாமே நின்றார் என்பதை இப்போது உணர்கின்றோம்.

அவர் மறைந்த பின் தகரப் பெட்டியைத் திறந்தோம். அடியில் ஓர் அப்பியாசக் கொப்பி இருந்தது. எங்கள் ஐவரின் பெயரும், பிறந்த நாளும், நேரமும் அதில் எழுதப்பட்டிருந்தன. அடுத்த பக்கத்தில் நாம் கண்டறியாத நான்கு பெயர்கள். கூடலூரில் இருக்கும் அக்காளின் பேரப்பிள்ளைகள்! கடிதம் எழுதிக் கேட்டு ஒவ்வொருவர் பிறந்த நாளையும் குறித்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு பெயரின் கீழும், எந்த அலுவலகமும் கேட்டிராத ஒரு வரி அவருடைய முத்துப்போன்ற எழுத்தில் இருந்தது: "பாட்டி பிறந்த இடம்: இரத்தினபுரி, மேட்டு லயம், மூன்றாம் காம்பரா."

அந்தப் பக்கத்தைப் படியெடுத்து, இவ்வாரம் கூடலூருக்கு அனுப்பியிருக்கின்றோம்.