டயர் நடத்தின டோபாலஜி கிளாஸ்

டோபாலஜியில் அரியரா? எனக்கும் இருந்துச்சு. இந்தத் தடவையும் போனா, அப்பாவோட ஐஸ் லாரிக்குத்தான் வேலைக்குப் போகணும். கடுப்போட காசிமேடு ஜெட்டியில் உட்கார்ந்தேன். சுவரில் ஒரு டயர் தொங்கிட்டிருந்துச்சு.

அதை மூடின ட்யூபா நினைச்சுக்கோங்க. தண்ணி ஏறுது. அடியில் ஒரு நீர்வளையம் முளைக்கும், நடு ஓட்டை வந்ததும் ரெண்டாப் பிரியும், ஓட்டை முடிஞ்சதும் சேரும், உச்சியில் மறையும். முளைச்சது, மறைஞ்சது 2. பிரிஞ்சது, சேர்ந்தது 2. கழிச்சா 0. பந்துன்னா பிரியறதே இல்லை, விடை 2! உயரம்ங்கிற ஒரே ஃபங்ஷன், ஓட்டையைக் காட்டிக் கொடுத்துடுச்சு. 1925-ல் மார்ஸ்டன் மோர்ஸ் போட்ட பாதை இது.

நம்ம லயோலாவில் படிச்ச நரசிம்மனும் சேஷாத்ரியும் 1965-ல் ஆராய்ந்த, கண்ணுக்கே தெரியாத வெளிகளின் வடிவத்தை, 1983-ல் அட்டியாவும் பாட்டும் இதே பாதையில்தான் கணக்குப் போட்டாங்க.

பரீட்சையில் டயரை வரைஞ்சேன். பாஸ்! அப்பா மட்டும் இன்னும் கேட்கிறார்: "டயருக்கெல்லாமாடா மார்க் போடறாங்க?"